களிமண் கொல்லையில் காய்கறி: தண்ணீர் தேங்கும் மண்ணைத் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொல்லைக்குள் கால் வைத்தால் கணுக்கால் வரை சேறு ஏறும். அதே இடம் சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் பக்கத்தில் வீடு கட்டியவர்கள் பலர், "இந்த மண்ணில் நெல்தான் வரும், காய்கறி வராது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். எங்கள் கொல்லையும் நடவு வயலாக இருந்த இடம்தான். அதில் செய்து பார்த்ததையும், மண்ணைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து, அக்கம்பக்கத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் மண் களிமண்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி, சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா போல நசுக்கித் தள்ளுங்கள். ஒரு அங்குலம் நீளுவதற்குள் அறுந்து விழுந்தால் அது மணற்பாங்கான மண் அல்லது லேசான பசலை. இரண்டு அங்குலத்துக்கு மேல் அறாமல் நீண்டு, விரலில் வழவழவென்று ஒட்டினால் நல்ல களி.

இன்னொரு வழியும் உண்டு. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கட்டி கரையும்வரை குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் படிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது என்பதால் மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

களிமண் என்று தெரிந்ததும் கவலைப்பட வேண்டாம். சத்தைப் பிடித்து வைக்கும் திறன் மணல் மண்ணைவிட இதற்குப் பல மடங்கு அதிகம். இதில் குறைவது காற்று மட்டும்தான்.

தண்ணீர் வடிகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுக்க இறங்கியதும் மறுபடி நிரப்பி, இந்த இரண்டாவது தண்ணீர் இறங்கும் வேகத்தை அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் காய்கறிக்குப் போதும். அரை அங்குலத்துக்கும் கீழே என்றால் வடிகால் வேலை கட்டாயம்.

இதில் ஏமாந்துபோக ஒரு இடம் இருக்கிறது. கோடையில் இந்தச் சோதனையைச் செய்தால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும். "நம் மண்ணுக்கு ஒன்றும் குறையில்லை" என்று நினைத்துவிடுவோம். நான்கு மழை பெய்ததும் களி ஊதி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அப்புறம்தான் மண்ணின் உண்மையான குணம் தெரியும். அதனால் புரட்டாசியில் ஒருமுறை, கார்த்திகையில் மழை விட்ட நாளில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கார்த்திகையில் நீங்கள் ஊற்றாமலே குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தால், நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கிறது என்று பொருள். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. அந்த மாதங்களில் வாய்க்கால்களிலும் சுற்றியுள்ள வயல்களிலும் தண்ணீர் நிற்பதால், பல ஊர்களில் கொல்லையின் அடி மண்ணும் ஈரமாகவே இருக்கும்.

தண்ணீர் நின்றால் செடிக்கு என்ன ஆகிறது?

வேருக்கு மூச்சு முட்டுகிறது. காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீருக்குள் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்ததும், இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சீக்கிரமே தீர்த்துவிடும். மூச்சில்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரில் நிற்கும் தக்காளிச் செடி வெயிலில் காய்ந்ததுபோலத் துவண்டு போகிறது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு குடம் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊற்றுவதற்கு முன் வேரருகே விரலை விட்டுப் பாருங்கள்.

காற்றில்லாத மண்ணில் தழைச்சத்தும் வாயுவாக மாறிப் போய்விடும். அதனால் அடி இலைகள் மஞ்சளாகும். வெட்டிப் பார்த்தால் மண் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். இந்த இரண்டும் இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் நெடுநாளாக நின்றிருக்கிறது.

முதலில் எதைச் செய்வது, எருவா வடிகாலா?

வடிகால். மற்ற பதில்களை நீங்கள் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

எரு போட்டால் மண் பொலபொலவென்று ஆகும் என்பது உண்மை. அந்த வேலையைச் செய்வது எரு மட்டும் இல்லை. எருவைத் தின்னும் நுண்ணுயிர்களும் மண்புழுவும் வேர்களும்தான் களித்துகள்களைச் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டைகளாக ஆக்குகின்றன. அந்த உருண்டைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில்தான் காற்று நிற்கிறது. தண்ணீர் தேங்கிய மண்ணில் இந்த உயிர்கள் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. நிறைய எருவைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் நின்றால், எரு மக்கும்போது மிச்சம் இருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு நிலைமையை இன்னும் மோசமாக்கும். நாங்கள் முதல் வருஷம் புரட்டாசியில் தொழு உரத்தைக் கொட்டிக் கொத்திவிட்டு, வடிகால் வெட்டாமல் விட்டோம். கார்த்திகையில் அந்தப் பாத்தியில்தான் நாற்றம் அதிகம், அங்கேதான் மிளகாய்க் கன்றுகள் முதலில் போயின.

என் கொல்லைதான் தெருவிலேயே தாழ்வு. தண்ணீரை எங்கே விடுவது?

முதல் மழை நாளில் குடையோடு கொல்லையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து முளைக்குச்சி அடித்து வையுங்கள். பல வீடுகளில் பாதித் தண்ணீர் கூரையிலிருந்து கொல்லையில் இறங்குவதுதான். அதைக் குழாய் போட்டுத் தெருப்பக்கமோ தொட்டிக்கோ திருப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மிச்சத் தண்ணீருக்கு, கொல்லையின் ஓரமாக ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வடிகால் வெட்டுங்கள். பத்து அடிக்கு ஒரு அங்குலம் வீதம் சரிவு இருந்தால் போதும். ஊர் வடிகாலுக்குப் போக வழி இருந்தால் நல்லது. பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள் மட்டும் திருப்பிவிடாதீர்கள்.

வெளியே விட வழியே இல்லையென்றால், இருப்பதிலேயே தாழ்வான மூலையில் ஒரு சின்னக் குட்டை வெட்டுங்கள். நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான். வெட்டிய மண்ணைப் பாத்தியில் போட்டு மேடாக்கினால், ஒரே வேலையில் தாழ்வு ஆழமாகும், மேடு உயரமாகும். மேல் ஒரு அடி மண்ணைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அடிக்களியைக் கீழேயும் மேல் மண்ணை மேலேயும் போட மறக்காதீர்கள். தை, மாசியில் அந்தக் குட்டைத் தண்ணீரே பாத்திக்குப் பாயும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் குட்டைக்குக் கட்டாயம் வேலி வேண்டும்.

மேட்டுப்பாத்தி எந்த அளவில் போடுவது?

உயரம் ஒரு அடி. மழையில் அமுங்கும் என்பதால் போடும்போது ஒன்றேகால் அடியாகப் போடுங்கள். அகலம் மூன்றரை முதல் நான்கு அடி, அதாவது இரண்டு பக்கத்திலிருந்தும் கை நீட்டினால் நடு எட்ட வேண்டும். இரண்டு பாத்திகளுக்கு நடுவில் ஒன்றரை அடி வாய்க்கால், அதுவே நடைபாதை. பாத்தியின் முதுகு லேசாகக் கூன் போட்டிருந்தால் தண்ணீர் நிற்காது. ஒருமுறை போட்ட பாத்தியை வருஷாவருஷம் கலைக்காதீர்கள், அதன்மேல் யாரும் ஏறவும் விடாதீர்கள். ஈரக் களியில் ஒருமுறை மிதித்த இடம் இறுகிவிட்டால் திரும்பிப் பொலபொலப்பாக ஒரு பருவம் ஆகும்.

பழைய நெல் வயலை மனைக்கட்டாக்கிய இடம். அதற்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம். நெல்லுக்குச் சேற்றுழவு செய்வதே தண்ணீர் கீழே இறங்காமல் இருப்பதற்குத்தான். வருஷக்கணக்கில் மாடும் டிராக்டரும் மிதித்து, அரை அடி முதல் முக்கால் அடி ஆழத்தில் ஒரு கெட்டியான தட்டு உருவாகியிருக்கும். நெல்லுக்கு அது வரம். கத்தரிக்கு அதுதான் வினை. மேலே எவ்வளவு திருத்தினாலும் தண்ணீர் அந்தத் தட்டில்தான் நிற்கும்.

இதை உடைக்கச் சரியான காலம் பங்குனி, சித்திரை. மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பெரிய இடமென்றால் உளிக்கலப்பை ஓட்டலாம். வீட்டுக் கொல்லையில் கடப்பாரை போதும். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குத்தி நெம்பிவிடுங்கள், மண்ணைப் புரட்ட வேண்டாம். வெடிப்பு விழட்டும், வெயில் உள்ளே போகட்டும். பெரிய பெரிய கட்டியாகக் கிடந்தாலும் உடைக்க மெனக்கெட வேண்டாம். கோடை மழை ஒன்று பெய்தால் அந்தக் கட்டிகள் தானாக உதிரும். "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று நம் பெரியவர்கள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்தக் கட்டிகள் உதிர்ந்த காலையில்தான் விளங்கியது.

மணல் கலந்தால் மண் இளகுமா?

இளகாது. இதைச் செய்துவிட்டு வருத்தப்பட்டவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மாட்டு வண்டி மணலை வாங்கிப் பாத்தியில் கலந்தோம். அடுத்த கோடையில் அந்தப் பாத்தி மட்டும் செங்கல் போல இறுகிக் கிடந்தது, மண்வெட்டி எகிறியது. மணலின் இடைவெளிகளைக் களி அடைத்துக்கொள்வதுதான் காரணம். களிமண்ணின் குணம் உண்மையிலேயே மாற வேண்டுமானால் பாத்தியின் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அந்தச் செலவில் பல வருஷத்துக்கு எரு வாங்கலாம். ஆற்றையும் சுரண்ட வேண்டியதில்லை.

ஏரி வண்டல், குளத்து வண்டல் போடலாமா?

மணல் மண்ணுக்கு அது அருமருந்து. களிமண்ணுக்கு வேண்டாம், அதுவும் பெரும்பாலும் களிதான்.

எவ்வளவு எரு, எந்த எரு?

காய்கறிக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம், அதாவது சென்ட்டுக்கு 100 கிலோ. களிமண்ணைத் திருத்த முதல் இரண்டு வருஷம் இது போதாது. பாத்தியின்மேல் ஒரு அங்குலக் கனத்துக்கு மக்கிய எருவைப் பரப்பி, மேல் அரை அடி மண்ணோடு கலந்துவிடுங்கள். ஒரு சென்ட் முழுக்க அப்படிப் பரப்ப ஏறத்தாழ ஒரு கன மீட்டர் எரு வேண்டும். முதல் வருஷமே கொல்லை முழுவதையும் திருத்தப் பார்ப்பதைவிட, ஒரு சென்ட்டை ஒழுங்காகச் செய்வது மேல்.

எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாணி வாசனை போய் மண்வாசனை வர வேண்டும். பச்சைச் சாணியையும் வைக்கோலையும் அப்படியே மண்ணுக்குள் புதைத்தால், அவை மக்கும்போது செடிக்கு வேண்டிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். தென்னை நார்க்கழிவும் அப்படித்தான், மக்க வைத்த பின்பே போட வேண்டும். அது தண்ணீரை மிக அதிகமாகப் பிடித்து வைக்கும் என்பதால் களிமண்ணுக்கு அளவாகப் போதும்.

நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பது உமி. ரைஸ் மில்லில் கேட்டால் மூட்டை மூட்டையாகத் தருவார்கள். அதைக் காற்றோட்டம் குறைவாக மூட்டமிட்டுக் கரியாகக் கருக்கி எருவோடு கலந்தால், பல வருஷம் மக்காமல் மண்ணுக்குள் இடைவெளியைத் தாங்கி நிற்கும். வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிய விட்டுவிடாதீர்கள். சாம்பலுக்குக் காரத்தன்மை அதிகம், நம் மண்ணில் பல இடங்களில் அது ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது.

கோடையில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தையோடு கீதாரிகள் வருவார்கள் அல்லவா, இடம் பெரிதாக இருந்தால் இரண்டு ராத்திரி கிடை போடச் சொல்லுங்கள். புழுக்கையும் மூத்திரமும் காய்ந்த வெடிப்புக்குள் நேராக இறங்கும். அதற்கு ஈடான எருவை நான் இன்னும் பார்க்கவில்லை.

பசுந்தாள் உரத்தில் எது நல்லது?

தக்கைப்பூண்டு. சணப்பையும் கொளுஞ்சியும் தண்ணீர் நின்றால் தாங்காது, தக்கைப்பூண்டு தாங்கும். உப்பு மண்ணையும் ஓரளவு தாங்கும். அதன் ஆணிவேர் கெட்டித் தட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும். செடியை மடக்கி உழுத பிறகு, அந்த வேர் இருந்த துளை மட்டும் நின்று தண்ணீர் இறங்க வழியாகும். ஏக்கருக்கு 20 கிலோ விதை, சென்ட்டுக்கு 200 கிராம். சித்திரை, வைகாசி மழையில் விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில், அதாவது 45 நாளில், வெட்டி மண்ணுக்குள் விடுங்கள். தண்டு முற்றிவிட்டால் மக்க நாளாகும். மடக்கியபின் இரண்டு வாரம் கழித்துத்தான் நடவு.

ஜிப்சம் போட்டால் களிமண் இளகும் என்கிறார்களே?

எல்லாக் களிக்கும் இல்லை. மண்ணில் சோடியம் அதிகமாக இருந்தால் மட்டும்தான் ஜிப்சம் வேலை செய்யும். அதிலுள்ள கால்சியம், களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரோடு வெளியே போக வேண்டும். இங்கேயும் வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டுப் பயனில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காய்ந்த மண் கட்டி ஒன்றைச் சுண்டைக்காய் அளவில் எடுத்து, ஒரு தம்ளர் மழைநீரில் அலுங்காமல் போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல வெண்மையாகப் படர்ந்தால் சோடியத்தைச் சந்தேகிக்கலாம். கட்டி பொலபொலவென்று சரிந்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால், அந்த மண்ணுக்கு வேண்டியது எருதான். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், அதனால்தான் மழைநீர்.

சந்தேகம் வந்தால் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். நீடாமங்கலம், சிக்கல் ஆகிய ஊர்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே கேளுங்கள். ஐந்தாறு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்துபோல வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ கொடுத்தால் போதும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் களர் என்றும், மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் உவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். களருக்குத்தான் ஜிப்சம், அளவைப் பரிசோதனை அறிக்கை சொல்லும். வெறும் உவருக்கு மழைநீரைத் தேக்கி வடிய விடுவதே மருந்து. 2004 சுனாமியில் கடல் ஏறிய நாகப்பட்டினம் பக்கத்து வயல்களில் உப்பை இறக்கியதில் மழைக்குப் பெரிய பங்கு உண்டு.

மண்ணை எப்போது கொத்தலாம்?

பதம் பார்த்துத்தான். ஒரு பிடி எடுத்து அமுக்கி, கட்டைவிரலால் தட்டுங்கள். புட்டு மாவு போல உதிர்ந்தால் கொத்தலாம். கொழுக்கட்டை போல அப்படியே நின்றால் மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். களிமண்ணில் இந்தப் பதம் மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், அதைத் தவறவிடக் கூடாது.

எந்தப் பட்டத்தில் என்ன போடுவது?

டெல்டாக் களிக்கு என் கணக்கில் தைப் பட்டம்தான் பெரிய பட்டம். மழை ஓய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உளுந்தையும் பயறையும் வயலில் தெளித்து, அந்த ஈரத்திலேயே விளைய வைக்கும் ஊர் இது. கொல்லைக்கும் அதே அறிவுதான். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், கொத்தவரை எல்லாம் தையில் மேட்டுப்பாத்தியில் நன்றாக வரும். நட்ட மூன்றாம் வாரம் வைக்கோல் மூடாக்குப் போட்டால் பங்குனி வெடிப்பைத் தடுக்கலாம்.

ஆடியில் வெண்டையும் கத்தரியும் போடலாம், ஐப்பசி மழைக்குள் பாதிக் காய் பறித்துவிடலாம். மழை மாதங்களில் தாழ்ந்த இடத்தில் வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, சேப்பங்கிழங்கு வையுங்கள். இவை தண்ணீரோடு சேர்ந்து வாழ்பவை. கொடிகளில் பாகலைவிடப் பீர்க்கின் வேர் ஈரத்தைத் தாங்கும். சின்ன வெங்காயத்தையும் முள்ளங்கியையும் மண் நன்றாகத் திருந்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்திலும் தக்காளி வேண்டும் என்பவர்களுக்கு ஒட்டு நாற்று ஒரு வழி. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் வெள்ளத்தைத் தாங்குவதற்காகக் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைப் பரிந்துரைக்கிறது.

கனமழையில் செடி இரண்டு நாள் தண்ணீரில் நின்றுவிட்டது. காப்பாற்ற முடியுமா?

வாய்க்காலை வெட்டி முதலில் தண்ணீரை இறக்குங்கள். பாத்திக்குள் இறங்கி நடக்காதீர்கள். மண் பதத்துக்கு வந்ததும் மேலாகக் களைக்கொத்தால் கீறிவிட்டால் மேல் ஓடு உடைந்து காற்று போகும். வேர் சோர்ந்திருப்பதால் மண்ணில் உரம் போட்டுப் பலனில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் யூரியா கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். தண்டின் அடியில் அழுகல் தெரிந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரடியில் ஊற்றலாம். கத்தரியும் வெண்டையும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தக்காளி இரண்டு நாள் நின்றிருந்தால் தைக்குப் புது நாற்று விட்டுவிடுவதே நல்லது.

மண் திருந்த எத்தனை வருஷம் ஆகும்?

மேட்டுப்பாத்தி போட்ட முதல் தையிலேயே காய் பறிக்கலாம். மண்ணே மாற மூன்று வருஷமாவது வேண்டும். பாத்தியில் ஒரு மண்வெட்டி மண்ணைத் தோண்டிப் பாருங்கள். முதல் வருஷம் அது பாளம் பாளமாகப் பெயரும், வெட்டிய பக்கம் பளபளக்கும். எங்கள் கொல்லையில் இரண்டாம் வருஷம் வேர்கள் பாளத்தைச் சுற்றிப் போகாமல் உள்ளே நுழைந்திருந்தன. மூன்றாம் வருஷ மார்கழியில், மழை விட்ட நான்காம் நாள் தோண்டியபோது மண் கடலை கடலையாக உதிர்ந்தது, ஒரு வெட்டு மண்ணில் ஏழு மண்புழு இருந்தது. அதே நாளில் வேலிக்கு அந்தப் பக்கம், நாங்கள் தொடாமல் விட்ட இடத்தில் இன்னும் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.